கணினித் திரையில் தாய்மொழி எழுத்து ஏறிய வரலாறு

கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசிலும் உள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்குக் கெடாவின் தோட்டப்புறங்களிலிருந்து வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களுள் சிலர் தம் வேலையைப் பற்றிப் பெற்றோர் கேட்கும்போது, "சில்லு செய்யும் இடம்" என்று சுருக்கமாகச் சொல்லி நிறுத்திவிடுவர். கேட்பவரும் அதற்குமேல் கேட்பதில்லை. நகத்தளவேயான அந்தப் பொருள் உள்ளே என்ன செய்கிறது என்பது பெரும் படிப்புப் படித்தவர்க்கே விளங்கும் என்னும் எண்ணம் நம்மிடையே உள்ளது. அவ்வெண்ணம் சரியன்று. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் அதன் அடிப்படையை அறிந்துகொள்ள இயலும்.

கணினியின் எல்லாப் பகுதிகளையும் ஒரே கட்டுரையில் விளக்க முடியாது. ஆகவே, ஒரு பகுதியை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். கணினி தான் கணக்கிட்டதை எழுத்தாகவும் படமாகவும் திரையில் காட்டுவதற்கு உதவும் பகுதி அது. அதனைக் காட்சி அட்டை என்பர். 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற கணினியின் எழுத்துப் பட்டியலில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. இன்றோ, தோட்டத்துப் பாட்டியும் தம் கைப்பேசியில் பேரப்பிள்ளை அனுப்பிய செய்தியைத் தமிழிலேயே படிக்கிறார். இம்மாற்றம் தானாக நிகழவில்லை. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இப்பாடத்தின் பொருள்.

திரையும் நிரையும்

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் அக்காலக் கணினித் திரைகளும் கண்ணாடியாலான படக்குழாயைக் கொண்டவை. குழாயின் பின்புறத்திலிருந்து எலெக்ட்ரான் கதிர் ஒன்று புறப்பட்டு, முன்புறத்தில் பூசப்பட்ட ஒளிரும் பொருளின்மீது பாயும். பட்ட இடம் ஒளிரும். பாய்ச்சல் நின்றால் அவ்விடம் விரைவில் மங்கிவிடும்.

பால் வெட்டும் தொழிலாளர் நிரையின் முதல் மரத்தில் தொடங்கி, மரம் மரமாகச் சென்று, ஒரு நிரை முடிந்ததும் அடுத்த நிரைக்குச் செல்வதை நாம் அறிவோம். கதிரும் அவ்வாறே இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கம் வரை ஒரு வரியை முடிக்கிறது. உடனே இடப்பக்கம் திரும்பி, அதற்குக் கீழ்வரியைத் தொடங்குகிறது. அடிவரி முடிந்ததும் மீண்டும் உச்சிக்குச் செல்கிறது. ஒரு நொடியில் 50 அல்லது 60 முறை திரை முழுவதையும் இவ்வாறு சுற்றி வருவதால், மங்கும் முன்னரே ஒவ்வொரு புள்ளியும் மீண்டும் ஒளிபெறுகிறது. நம் கண்ணுக்கு அசையாத எழுத்தாகத் தோன்றுவது உண்மையில் ஓயாது வரையப்படும் எழுத்தாகும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எந்தப் புள்ளியில் ஒளிர வேண்டும், எந்தப் புள்ளியில் ஒளிராது கடக்க வேண்டும் என்பதைக் கதிருக்கு யார் சொல்வது?

எண்ணிக் கொடுக்கும் சில்லு

தோட்டத்தில் காலைப் பெரட்டின்போது கிராணியார் செக்ரோல் புத்தகத்தில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் வந்தார், வரவில்லை என்று குறிப்பார். கணினியிலும் அத்தகைய ஒரு பதிவேடு உண்டு. அதுவே திரை நினைவகம். அதில் எழுதப்படுபவை இரண்டே குறிகள்: 1, 0. இக்குறி ஒன்றினைப் பிட்டு என்பர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. 1,024 பைட்டுகள் சேர்ந்தது ஒரு கிலோபைட்டு.

பதிவேடு இருந்தால் மட்டும் போதாது. அதனை உரிய நேரத்தில் உரிய வரிசையில் படித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அப்பணியைச் செய்யும் சில்லுகளுள் புகழ்பெற்றது மோட்டரோலா நிறுவனத்தின் 6845 என்னும் சில்லு. கதிர் இப்போது எந்த வரியில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எண்ணி, நினைவகத்தின் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்வதும், வரி முடிந்ததும் கதிருக்குச் சைகை கொடுப்பதுமே அதன் வேலை. நிரைகளை எண்ணி ஆள்களை அனுப்பும் கங்காணியோடு அதனை ஒப்பிடலாம். இவ்வகைச் சில்லை ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனமும் செய்தது. 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாசில் முதன்முதலாகத் தொழில் தொடங்கிய எட்டு மின்னணு நிறுவனங்களுள் அந்நிறுவனமும் ஒன்று. 1972-இல் அங்கு வந்த இன்டெல் மற்றொன்று.

6845 சில்லைப் பற்றி நினைவில் வைக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதற்கு எந்த மொழியும் தெரியாது. அது ஆங்கிலத்துக்கு உரியதும் அன்று, தமிழுக்குப் புறம்பானதும் அன்று. எண்ணுவது ஒன்றே அது அறிந்த தொழில்.

பூட்டிய எழுத்துப் பட்டியல்

அப்படியாயின், தமிழ் ஏன் திரையில் தோன்றவில்லை? விடை வேறோர் இடத்தில் இருக்கிறது.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதனோடு இரண்டு வகைக் காட்சி அட்டைகள் விற்பனைக்கு வந்தன. முதலாவது எம்.டி.ஏ. எனப்பட்டது. அலுவலகங்களில் கடிதமும் கணக்கும் தட்டெழுதுவோர்க்காக அமைந்தது அது. ஒரு வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 25 வரி. ஆக 2,000 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட்டுகள் ஒதுக்கப்பட்டன. ஒன்று எழுத்தின் எண். மற்றது அது பளிச்சென்று தெரிய வேண்டுமா, அடிக்கோடு வேண்டுமா என்பன போன்ற குறிப்பு. ஆகவே 4,000 பைட்டுகள் போதும். அந்த அட்டையில் இருந்த நினைவகமும் 4 கிலோபைட்டே.

எழுத்தின் எண்ணை மட்டும் நினைவில் வைத்தால், அவ்வெழுத்தின் வடிவம் எங்கிருந்து வரும்? அதற்கென எழுத்துச் சில்லு ஒன்று அட்டையில் இருந்தது. 65 என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ', 66 என்றால் 'பீ' என்றவாறு 256 வடிவங்கள் அதில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருந்தன. ஒருமுறை பதித்ததை அழித்து எழுத இயலாது. ஆங்கில எழுத்துகள், எண்கள், ஐரோப்பிய மொழிகள் சிலவற்றின் எழுத்துகள், கட்டம் போடும் கோடுகள் ஆகியவற்றால் அந்த 256 இடங்களும் நிரம்பிவிட்டன.

தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247 எழுத்துகள் உண்டு. எல்லா இடங்களையும் தமிழுக்கே கொடுத்திருந்தால்கூட எஞ்சுவது 9 இடங்களே. எண்களுக்கும் அவை போதா. மேலும், ஒவ்வோர் எழுத்துக்கும் கிடைத்த கட்டம் 9 புள்ளி அகலமும் 14 புள்ளி உயரமும் கொண்டது. 'ட', 'ப' போன்றவை அதில் எளிதாக அடங்கும். 'ணை', 'ஞௌ' போன்றவை அடங்குமா?

நினைவகத்தின் விலை மிகுந்திருந்த காலத்தில், 4 கிலோபைட்டைக் கொண்டு ஒரு திரையையே நிரப்பியது திறமையான வழியேயாகும். ஆயினும், பட்டியலில் பெயர் இல்லாத மொழிக்கு அத்திரையில் இடம் இல்லாமற்போயிற்று.

புள்ளிதோறும் ஓர் இடம்

இரண்டாவது வழி இதற்கு நேர்மாறானது. எழுத்தின் எண்ணை வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் தனித்தனி இடம் கொடுத்துவிடுவது. எந்தப் புள்ளி ஒளிர வேண்டுமோ அங்கே 1 எழுதினால் போதும். புள்ளிகளால் எதை வரைந்தாலும் அது திரையில் தோன்றும். நம் பெண்கள் வாசலில் புள்ளி வைத்துப் போடும் கோலத்தின் முறையும் இதுவே. புள்ளிகளின் வரிசை எல்லோர்க்கும் பொதுவானது. அதில் தோன்றும் கோலம் போடுபவரின் விருப்பத்தைப் பொறுத்தது.

இவ்வகைத் திரை நினைவகத்தை அமைத்த முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்காவின் ரிச்சர்டு ஷூப். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் உருவாக்கிய 'சூப்பர்பெயிண்ட்' என்னும் அமைப்பு 1973-இல் இயங்கத் தொடங்கியது. அதில் ஒரு வரிக்கு 640 புள்ளிகள், மொத்தம் 480 வரிகள்; ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பைட்டு. பெருக்கிப் பார்த்தால் 3,07,200 பைட்டுகள் ஆகின்றன. அக்காலத்தில் ஆய்வுக்கூடங்களுக்கு மட்டுமே இது கட்டுப்படியாகும்.

ஐ.பி.எம். கணினியின் இரண்டாவது அட்டையான சி.ஜி.ஏ. இம்முறையைச் சிறிய அளவில் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதன் நினைவகம் 16 கிலோபைட்டு. நான்கு வண்ணங்களில் 320-க்கு 200 புள்ளிகளை அல்லது இரு வண்ணங்களில் 640-க்கு 200 புள்ளிகளை அது காட்டியது. இரண்டு முறைகளுக்கும் 16,000 பைட்டுகள் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக் காணலாம். நான்கு வண்ணங்களுள் ஒன்றைக் குறிக்க ஒரு புள்ளிக்கு இரண்டு பிட்டுகள் தேவை என்பதே சூத்திரம்.

ஆனால் சி.ஜி.ஏ. அட்டையில் வேறொரு குறை இருந்தது. 200 வரிப் புள்ளிகளை 25 வரி எழுத்துக்குப் பங்கிட்டால் ஓர் எழுத்துக்கு 8 புள்ளி உயரமே கிடைக்கும். வரிகளுக்கு இடையே விடவேண்டிய இடைவெளியும் அதற்குள் அடங்க வேண்டும். மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்ட எழுத்துகளுக்கு அது போதவே போதாது.

தாய்லாந்து மாணவர் செய்த அட்டை

கெடாவின் வடக்கே புக்கிட் காயு ஹித்தாம் எல்லையைக் கடந்தால், பெயர்ப்பலகைகளில் தாய்லாந்து எழுத்துகளைக் காணலாம். மெய்யெழுத்துக்கு மேலே உயிர்க்குறி, அதற்கும் மேலே ஓசைக்குறி, கீழே வேறொரு குறி எனப் பல அடுக்குகளைக் கொண்டது அவ்வெழுத்து முறை.

அந்நாட்டைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்பவர் அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார். தம் ஆய்வேட்டை ஐ.பி.எம். கணினியில் தாய்லாந்து எழுத்திலும் எழுத விரும்பினார். எம்.டி.ஏ. அட்டையின் எழுத்துச் சில்லில் தம் எழுத்து இல்லை, சி.ஜி.ஏ. அட்டையிலோ உயரம் போதவில்லை. ஆகவே, தமக்கு வேண்டிய அட்டையைத் தாமே வடிவமைத்தார். 1982-இல் வெளிவந்த அவ்வட்டையே 'ஹெர்குலிஸ்' வரைகலை அட்டை ஆகும்.

எண்ணிக் கொடுக்கும் பணிக்கு அவரும் அதே 6845 சில்லையே பயன்படுத்தினார். வேறுபாடு நினைவகத்தில் இருந்தது. அவர் 64 கிலோபைட்டு வைத்தார். வரிக்கு 720 புள்ளிகள், 348 வரிகள். மொத்தப் புள்ளிகள் 2,50,560. எட்டால் வகுத்தால் 31,320 பைட்டுகள். அதாவது 32 கிலோபைட்டுக்குள் ஒரு திரை அடங்கிவிடும். எனவே, இரண்டு திரைகளுக்குப் போதிய இடம் அதில் இருந்தது. ஓர் எழுத்து வரிக்குக் கிடைத்த உயரம் ஏறத்தாழ 14 புள்ளிகள். தாய்லாந்து எழுத்தின் அடுக்குகளுக்கு இப்போது இடம் கிடைத்தது.

தம் தேவைக்கென அவர் செய்த அட்டை பிறருக்கும் பயன்பட்டது. 1983-இல் வெளியான 'லோட்டஸ் 1-2-3' என்னும் கணக்குச் செயலி அவ்வட்டையில் வரைபடம் காட்டும் வசதியைப் பெற்றதால், அலுவலகங்கள் அதனை விரும்பி வாங்கின. பல நிறுவனங்கள் அதே அமைப்பைப் பின்பற்றி மலிவான அட்டைகளைச் செய்தன. தாய்மொழி எழுத்தைக் காண விரும்பிய ஒரு மாணவரின் முயற்சி, உலகெங்கும் பின்பற்றப்பட்ட அளவுகோலாயிற்று.

அதே 1982-இல் ஜப்பானின் என்.ஈ.சி. நிறுவனமும் பி.சி.-9801 என்னும் கணினியை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான சீன வடிவ எழுத்துகளைக் காட்டவேண்டிய தேவை அந்நாட்டுக்கு இருந்தது. ஆகவே, 7220 என்னும் தன் சொந்த வரைகலைச் சில்லுகள் இரண்டினை அந்நிறுவனம் அதில் பொருத்தியது. அச்சில்லைச் செய்யும் உரிமையைப் பெற்ற இன்டெல், 82720 என்னும் பெயரில் அதனை விற்றது.

உழவர் மகனின் சில்லுத் தொகுதி

1984-இல் ஐ.பி.எம். நிறுவனம் இ.ஜி.ஏ. என்னும் புதிய அட்டையைக் கொண்டுவந்தது. 640-க்கு 350 புள்ளிகளை 16 வண்ணங்களில் அது காட்டியது. அதில் மற்றொரு சிறப்பும் இருந்தது. எழுத்து வடிவங்களைப் பூட்டிய சில்லிலிருந்து மட்டுமின்றி, அழித்து எழுதக்கூடிய நினைவகத்திலிருந்தும் எடுத்துக்கொள்ள அது வழிசெய்தது. எழுத்துப் பட்டியலின் பூட்டு இவ்வாறு திறக்கப்பட்டது.

ஆனால் அந்த அட்டை பெரியது. பல சில்லுகளைக் கொண்டது. அவற்றைச் சுருக்கி, நான்கே சில்லுகள் கொண்ட ஒரு தொகுதியாக 1985-இல் வெளியிட்டது சிப்ஸ் அண்டு டெக்னாலஜிஸ் என்னும் நிறுவனம். இதனால் சிறு நிறுவனங்களும் அத்தகைய அட்டையைச் செய்ய முடிந்தது, விலையும் இறங்கியது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான டாடோ பனாத்தாவ், பிலிப்பைன்ஸ் நாட்டின் ககயான் மாநிலத்தில் இகுயிக் என்னும் சிற்றூரில் ஒரு நெல் விவசாயிக்கு 1946-இல் பிறந்தவர். செருப்பின்றி மண்சாலையில் நடந்து பள்ளிக்குச் சென்றவர். மணிலாவில் மின்பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1972-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1989-இல் எஸ்-3 என்னும் வரைகலைச் சில்லு நிறுவனத்தையும் அவர் கூட்டாகத் தொடங்கினார். சிப்ஸ் அண்டு டெக்னாலஜிஸ் 1998-இல் இன்டெல் நிறுவனத்தோடு இணைந்தது.

1987-இல் வி.ஜி.ஏ. வந்தது. 640-க்கு 480 புள்ளிகள், 16 வண்ணங்கள், 256 கிலோபைட்டு நினைவகம். 1973-இல் ஆய்வுக்கூடத்தில் மட்டுமே காணக்கூடியதாயிருந்த புள்ளி எண்ணிக்கை, பதினான்கு ஆண்டுகளில் அலுவலக மேசைக்கு வந்துவிட்டது.

தமிழ் ஏறியது

வழி திறந்த பின்னர் நடக்க ஆள் வேண்டும். இந்தியாவில் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ஆய்வைப் புனே நகரில் 1988-இல் நிறுவப்பட்ட சி-டாக் என்னும் அரசு நிறுவனம் தொடர்ந்து, 'ஜிஸ்ட்' என்னும் அட்டையாக வெளியிட்டது. அதனைக் கணினியில் செருகினால், ஆங்கிலத்துக்கெனச் செய்யப்பட்ட செயலிகளிலும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை எழுதவும் படிக்கவும் முடிந்தது.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அது பின்னர் 'முரசு அஞ்சல்' என வளர்ந்து, உலகத் தமிழர் பலர் பயன்படுத்தும் கருவியாயிற்று. அவர் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் இடம்பெற்றன. 1991-இல் வெளியான யூனிகோடு என்னும் பொது எழுத்துப் பட்டியலின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கென எண்கள் ஒதுக்கப்பட்டன.

1080-க்கு 2400 புள்ளிகள் கொண்ட இன்றைய கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புள்ளிக்கு நான்கு பைட்டு என்றால், ஒரு திரைக்கு 1,03,68,000 பைட்டுகள் தேவை. ஹெர்குலிஸ் அட்டையின் ஒரு திரையைப்போல் இது சுமார் 331 மடங்கு. இன்று தமிழுக்குத் திரையில் இடப்பற்றாக்குறை என்பதே இல்லை.

நம் பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன்?

1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் 1990களின் பிற்பகுதியில் இன்டெல் தொழிற்சாலை அமைந்தது. அப்பூங்காவிலேயே உள்ள சில்டெரா நிறுவனம் திரைகளை இயக்கும் சில்லுகளுக்கான வட்டத் தகடுகளைச் செய்கிறது. எங்கோ தொலைநாட்டில் நடப்பதாக நாம் எண்ணும் ஒரு தொழிலின் பகுதி, ரப்பர் நிரைகளுக்கு அருகிலேயே நடைபெறுகிறது.

அங்கு வேலை செய்யும் நிலைகள் பல. பொருத்துவோர், சோதிப்போர், பொறிகளைப் பழுதுபார்ப்போர், வடிவமைப்போர் எனப் படிகள் உள்ளன. முதற்படியில் நிற்பதா மேற்படிக்கு ஏறுவதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வன கணிதமும் அறிவியலுமே. கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா போலிடெக்னிக்கும், ஜித்ராவில் சுல்தான் அப்துல் ஹாலிம் முஅட்ஸாம் ஷா போலிடெக்னிக்கும் உள்ளன. படிவம் மூன்றிலோ நான்கிலோ பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், அக்கல்லூரிகளில் மின்னணுத் துறைக்கு எந்தப் பாடங்களில் தேர்ச்சி கேட்கிறார்கள் என்பதை இப்போதே பள்ளி ஆசிரியரிடம் விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். எஸ்.பி.எம். முடிந்த பிறகு விசாரிப்பது, வெயில் ஏறிய பிறகு பால் வெட்டச் செல்வது போன்றது.

தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு மின்னணுவியல் வராது என்று சொல்வாரும் உளர். 6845 சில்லுக்கு எந்த மொழியும் தெரியாது என்பதையும், தாய்மொழியில் எழுத விரும்பியதாலேயே ஒரு மாணவர் புதிய அட்டையைச் செய்தார் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

வீட்டில் செய்து பார்க்க

கணக்குப் புத்தகத்தின் சதுரக் கட்டங்களில் எட்டுக்கு எட்டு என 64 கட்டங்களை எல்லையிட்டுக்கொள்ளுங்கள். அதில் 'ப' என்னும் எழுத்தை வரைய, மேல் ஏழு வரிகளிலும் முதற்கட்டத்தையும் எட்டாம் கட்டத்தையும் மட்டும் கறுப்பாக்குங்கள். எட்டாம் வரியில் எல்லாக் கட்டங்களையும் கறுப்பாக்குங்கள். கறுப்புக்கு 1, வெள்ளைக்கு 0 என எழுதினால் முதல் வரி 10000001 என்றும், கடைசி வரி 11111111 என்றும் அமையும். ஒரு வரி ஒரு பைட்டு. எழுத்து முழுவதும் எட்டுப் பைட்டு. திரை நினைவகம் எழுத்தை வைத்திருக்கும் முறை இதுவேயாகும். பின்னர் 'இ' என்னும் எழுத்தையும், 'ணை' என்னும் எழுத்தையும் அதே 64 கட்டங்களில் வரைய முயலுங்கள். சி.ஜி.ஏ. அட்டையின் குறை எளிதில் விளங்கும்.

வினாக்கள்

1. படக்குழாயின் கதிர் ஏன் ஒரு நொடியில் பலமுறை திரையைச் சுற்றிவர வேண்டும்?
2. எம்.டி.ஏ. அட்டையில் 4 கிலோபைட்டு நினைவகம் போதுமானதாக இருந்தது எவ்வாறு?
3. 640-க்கு 480 புள்ளிகளை 16 வண்ணங்களில் காட்ட எத்தனை பைட்டுகள் தேவை? (ஒரு புள்ளிக்கு 4 பிட்டு.)
4. எம்.டி.ஏ., ஹெர்குலிஸ் ஆகிய இரண்டு அட்டைகளிலும் 6845 சில்லே இருந்தது. ஒன்றில் தோன்ற முடியாத தாய்லாந்து எழுத்து மற்றொன்றில் தோன்றியது ஏன்?

சொல் விளக்கம்

காட்சி அட்டை: கணினியின் கணக்கைத் திரைக்கு அனுப்பும் மின்பலகை.
திரை நினைவகம்: திரையில் தோன்ற வேண்டியவற்றைப் பதிந்து வைக்கும் இடம்.
எழுத்துச் சில்லு: எழுத்து வடிவங்கள் நிலையாகப் பதிக்கப்பட்ட சில்லு.
சில்லுத் தொகுதி: ஒரு பணியைச் சேர்ந்து செய்யும்படி அமைக்கப்பட்ட சில சில்லுகள்.